சோளத்துக்குள்ள விழுந்த ஓட்டு

சனிக்கிழமை நாலு மணிக்கு ஸ்கூல்ல டிக்கித் திருவிழா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்த்து ஜோரியோட அம்மா கார் மேல ஒரு மான் வந்து மோதிருச்சு.

அக்டோபர் வந்துட்டா, அமெரிக்காவுல இந்த ஐயோவா மாநிலத்து மானுங்களுக்குக் கண்ணு மண்ணு தெரியாது. இந்த மானும் மோதுச்சு, விழுந்துச்சு, எந்திரிச்சு ஒரு உதறு உதறிட்டு வேலியைத் தாண்டிப் போயே போச்சு. கார்தான் எந்திரிக்கல. முன்பக்கம் அப்பளமா நொறுங்கி, ரேடியேட்டர்லேருந்து பச்சைத் தண்ணி ரோடெல்லாம் ஒழுகி, கடைசியில லாரி வந்து தூக்கிட்டுப் போச்சு. அம்மாவுக்கு ஒரு கீறல்கூட இல்ல. வீட்டுக்குள்ள வந்த அம்மாவை ஜோரி ஓடிப்போய் கட்டிப் பிடிச்சா. பிடிச்ச கையை எடுக்காமலே கேட்டா:

"டிக்கி நல்லாருக்காம்மா?"

கார்லா, அதான் அம்மா, மகளைக் குனிஞ்சு பார்த்தா. "நானும் நல்லாருக்கேன்டி, கேட்டதுக்கு ரொம்ப சந்தோஷம். டிக்கியும் நல்லாருக்கு. மெக்கானிக் ஷெட்டுல நல்லாருக்கு."

ஜோரிக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. வராதா பின்ன? ஒரு மாசமா அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டி, அந்த டிக்கிக்குன்னே அளவெடுத்து ஒரு ராக்கெட்டு பண்ணி வெச்சிருந்தா. அவ இப்ப அஞ்சாம் கிளாஸ். அடுத்த வருஷம் பக்கத்து ஊர் பெரிய ஸ்கூல். அங்க இந்தத் திருவிழாவெல்லாம் கிடையாது. இதான் கடைசி.

ஊர்ல இருக்கற குடும்பமெல்லாம் அன்னைக்கு ஸ்கூல் பார்க்கிங்ல காரைப் பின்பக்கம் காட்டி வரிசையா நிறுத்தி, டிக்கியைத் திறந்து ஜோடிச்சு வெச்சிருக்கும். வேஷம் கட்டுன பிள்ளைங்க டிக்கி டிக்கியா போய் மிட்டாய் வாங்கும். எந்த டிக்கி ரொம்பப் பிடிச்சதோ அதுக்கு ஓட்டு. ஜெயிச்ச டிக்கியோட பிள்ளைக்குக் கோப்பையெல்லாம் கிடையாது. அதைவிடப் பெருசா ஒண்ணு உண்டு. ஹெட்மாஸ்டர் ஆஸ்ட்ரண்டர் சார் மூஞ்சில ஒரு தட்டு நிறைய க்ரீமை எடுத்து அப்பலாம். ஊரே பார்க்க.

ஜோரி கே.ஜி.லேருந்து அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கா. அவரைப் பிடிக்காதுன்னு இல்ல, ரொம்பப் பிடிக்கும். அந்த மனுஷன் லீவு நாள்லகூட டை கட்டி, ஷூவுக்கு மூஞ்சி தெரியற மாதிரி பாலிஷ் போட்டு, மீசையைச் சீவிக்கிட்டு வருவாரு. அப்படி ஒரு மூஞ்சியைப் பார்த்தா யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்?

மூணு வருஷமா அந்தத் தட்டு பக்கத்து வீட்டு ரைக்கர் கைக்குத்தான் போகுது. அவனும் அஞ்சாம் கிளாஸ்தான். அவங்க அப்பா காருக்குப் பெயின்ட் அடிக்கற பட்டறை வெச்சிருக்காரு, கேக்கணுமா? போன வருஷம் அவங்க டிக்கியிலேருந்து ஒரு டிராகன் நிஜப் புகை விட்டுச்சு. ஜோரி அன்னைக்குக் கே.ஜி. பிள்ளைங்களோட நின்னு வாயைப் பொளந்துக்கிட்டுப் பார்த்தா. அதை அவன் ஒரு வருஷமா சொல்லிச் சொல்லிக் காட்டுறான்.

அப்பா டேரின்கிட்ட பிக்கப் வண்டி ஒண்ணு இருக்கு. ஆனா அதோட பின்பக்கம் பூரா டீசல் டேங்க். பிள்ளைங்களைப் பக்கத்துல விட முடியாது. தவிர அப்பாவே வர முடியாது. சனிக்கிழமை ராத்திரி மழைன்னு சொல்லிட்டாங்க, ஸ்கூலுக்கு எதிர்த்தாப்ல இருக்கற காட்டுல சோளம் இன்னும் பாதி நிக்குது. மழைக்கு முந்தி அறுத்தே ஆகணும். ராத்திரி சாப்பாட்டுல அப்பா இதைத் தட்டைப் பார்த்துக்கிட்டே சொன்னாரு. ஜோரியும் தன் தட்டைப் பார்த்துக்கிட்டே சரின்னா.

சரி, வேடிக்கை பார்க்கவாவது போகணும்ல? கார் இல்ல. யாரு கூட்டிட்டுப் போனாங்கன்னு நினைக்கறீங்க? ரைக்கர் வீட்டு வேன்தான். இந்த வருஷம் அது கடற்கொள்ளைக் கப்பல். உள்ள பாய்மரம், கயிறு, எலும்புக்கூடு, எல்லாத்துக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டு அம்மாவும் ஜோரியும், ஜோரி மடியில ஒரு தகரத் தட்டுல அம்மா காலையில சுட்ட பம்ப்கின் பை, அதான் ஆரஞ்சு கலர்ல பூசணிக்காய் விழுது வெச்சுச் சுடற பலகாரம். கேக் மேஜைக்கு வீட்டுக்கு ஒண்ணு கொண்டு போகணும், அதுக்கு. ஒவ்வொரு வளைவுலயும் எலும்புக்கூடு கை வந்து அவ தோள்ல விழும்.

"அதுக்கு உன்னைப் பிடிச்சிருக்குடி," ரைக்கர் சொன்னான். ஒத்தைக் கண்ணுல கறுப்புத் துணி கட்டியிருந்தான். "நிலாவுக்குப் போறேன்னியே, என்ன ஆச்சு, வழியில மான் மறிச்சிருச்சா?"

"ஒத்தைக் கண்ணால ரோட்டைப் பாருடா."

"நானா ஓட்டுறேன்?"

ஜோரி பை தட்டை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. வெளிய, காட்டுக்குள்ள, அப்பாவோட பச்சை அறுவடை மிஷின் தூசியைக் கிளப்பிக்கிட்டுப் போய்க்கிட்டிருந்துச்சு.

ஸ்கூல் வாசல்ல கிளூவர் மேடம் நின்னாங்க. பெற்றோர் சங்கத்துக்கு அவங்கதான் தலைவி. அந்த ஸ்கூல்ல ஆஸ்ட்ரண்டர் சாரே அவங்களைக் கேட்டுத்தான் தும்முவாருன்னு பேச்சு. அவங்க இந்த வருஷம் ஓட்டுச் சீட்டு வேண்டாம், காகிதம் காத்துல பறக்குதுன்னு புதுசா ஒண்ணு யோசிச்சிருந்தாங்க. இலையுதிர் காலத்துல எல்லார் வீட்டுக் கதவுலயும் அழகுக்குத் தொங்க விடுவாங்கல்ல, கருஞ்சிவப்புச் சோளக்கதிர், அதை உதிர்த்து ஒரு கூடையில வெச்சுக்கிட்டு, பிள்ளைக்கு ஒரே ஒரு முத்து. மாதுளை முத்து மாதிரி பளபளன்னு இருந்துச்சு. பிடிச்ச டிக்கிக்கிட்ட இருக்கற ஜாடியில அதைப் போடணும், அவ்வளவுதான்.

ஜோரி தன் முத்தை உள்ளங்கையில வெச்சு உருட்டிக்கிட்டே வரிசையைச் சுத்தி வந்தா. சிலந்தி டிக்கி, பண்ணைவீட்டு டிக்கி, ஒரு பல் டாக்டர் தன் டிக்கியையே பெரிய வாயா பண்ணி வெச்சிருந்தாரு. ஆனா கப்பல் கப்பல்தான். பாய் விரிச்சு நின்னுச்சு. பீரங்கி 'டொம்'முன்னு வெடிச்சு வானத்துல மிட்டாயைத் தூவுச்சு. சொன்னா வெட்கக்கேடு, அவளே ரெண்டு மிட்டாயைப் பிடிச்சிட்டா. அப்புறம் யாரும் பார்க்கலன்னு நினைச்சு, தன் முத்தை ரைக்கர் ஜாடியில போட்டுட்டு விறுவிறுன்னு நகர்ந்துட்டா. நல்லாருக்கறதை நல்லாருக்குன்னு சொல்லாம எப்படி? அவதான் போட்டியிலயே இல்லையே.

இந்தப் பக்கம் கார்லா கேக் மேஜைக்குப் பின்னாடி போய் நின்னு புருஷனுக்கு ஒரு போன் போட்டா. என்ன பேசுனான்னு ஜோரிக்குக் கேக்கல. அம்மா கொஞ்ச நேரம் பேசுனா, கொஞ்ச நேரம் பேசாம இருந்தா, அந்தப் பேசாம இருக்கறதுதான் அப்பாவுக்குப் பயம்.

கொஞ்ச நேரத்துல எதிர்க்காட்டுல மிஷின் சத்தம் மாறுச்சு. அறுக்கற சத்தம் நின்னு, உறுமல் மட்டும் கிட்ட கிட்ட வருது. ஸ்பீக்கர்ல ஓடிக்கிட்டிருந்த பாட்டை நிறுத்துனாங்க. பிள்ளைங்கல்லாம் ரோட்டுப் பக்கம் திரும்புச்சு. முன்னாடி இருக்கற அறுக்கற பல்லையெல்லாம் கழட்டிப் போட்டுட்டு, மஞ்சள் விளக்கு சுத்தச் சுத்த, ரெண்டு மாடி உசரத்துக்கு, தலையில சோளத் தூசியோட அது ரோட்டைத் தாண்டி ஸ்கூல் பார்க்கிங்குக்குள்ள நுழையுது. ஜோரிக்குக் கால் தரையில இல்ல.

கிளூவர் மேடம் ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு எதிர்ல போய் நின்னுட்டாங்க. டேரின் இன்ஜினை அமத்திட்டு மேலேருந்து எட்டிப் பார்த்தாரு.

"டேரின், இது டிக்கித் திருவிழா. டிக்கி இருக்கற வண்டிக்குத்தான் இடம்."

"மேடம், பின்னாடி பாருங்க. இதுல எட்டு டன் சோளம் இருக்கு. இதைவிடப் பெரிய டிக்கி இந்த ஜில்லாவுல யாருகிட்ட இருக்கு?"

மேடம் மிஷினைப் பார்த்தாங்க, சுத்தி நிக்கற அத்தனை பிள்ளைங்க மூஞ்சியையும் பார்த்தாங்க. அப்புறம் ஓரமா நிறுத்துன்னு கையைக் காட்டுனாங்க.

அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் ஒரே ஓட்டம். அலங்காரத்துக்கு வெச்சிருந்த வைக்கோல் கட்டையெல்லாம் அப்பன்மாருங்க இழுத்து வந்து சதுரமா அடுக்குனாங்க, கிளூவர் மேடம் அது மேல ஜோரிக்குன்னு ஒரு காலி ஜாடியை வெச்சாங்க. உள்ள தார்ப்பாய் விரிச்சாங்க. பிள்ளைங்களைக் கயிறு கட்டித் தள்ளி நிறுத்துனாங்க. டேரின் மறுபடி மேல ஏறினாரு. மிஷினோட அந்த நீளக் குழாய்க் கை இருக்குல்ல, அது யானை தும்பிக்கையைத் திருப்பற மாதிரி மெதுவா திரும்பி, சதுரத்துக்கு மேல வந்து நின்னுச்சு. அடுத்த நிமிஷம் கொட்டுச்சு பாருங்க, தங்கம். பொன்னுத் தண்ணி மாதிரி சோளம் ஊத்துது, தூசி பறக்குது, கூட்டம் 'ஓ'ன்னு கத்துது. முழங்கால் ஆழத்துக்கு ரொம்புனதும் நிறுத்திட்டு, இன்ஜினையும் அமத்திட்டு, இறங்கி வந்து, கார்லா வாங்கி வெச்சிருந்த மிட்டாய் மூட்டையை ஜோரி கையில கொடுத்தாரு.

"ராக்கெட்டு எங்க, குட்டி?"

"வீட்டுல இருக்குப்பா."

"பரவால்ல. தூவி விடு."

அவ தூவுனா. பிள்ளைங்க குதிச்சுது. நீச்சல் குளத்துல குதிக்கற மாதிரி குதிச்சு, நீந்தி, முங்கி மிட்டாய் தேடுது. டைனோசர் ஒண்ணு தலைகீழா கிடக்கு. ரெண்டு இளவரசி ஒருத்தி மேல ஒருத்தி சோளத்தை அள்ளிக் கொட்டுறாங்க. குளிர்லயும் பிள்ளைங்களுக்கு வேர்த்துப்போய், கோட்டைக் கழட்டிக் கழட்டி வைக்கோல் கட்டு மேல வீசுது. ஆஸ்ட்ரண்டர் சாரே போட்டோவுக்கு உள்ள இறங்கினாரு, அந்தப் பாலிஷ் போட்ட ஷூவோட. ரெண்டு கே.ஜி. பிள்ளைங்க அவர் காலைப் பிடிச்சு முழங்கால் வரைக்கும் புதைச்சிருச்சு. ஜோரி நடுவுல நின்னுக்கிட்டு மிட்டாய் வீசறா, கத்தறா, சிரிக்கறா, மானையே மன்னிச்சுட்டா. கப்பல்கிட்ட ஈ காக்கா இல்ல. ரைக்கர் பாய்மரத்துல சாஞ்சுக்கிட்டு, இன்னொரு கண்ணையும் துணியிலேருந்து எடுத்துவிட்டு இங்கேயே பார்த்துக்கிட்டிருந்தான்.

டேரினால நிக்க முடியல, மேற்கே வானம் கறுத்துக்கிட்டு வருது. மகள் தலையில ஒரு தட்டு தட்டிட்டு மிஷினை எடுத்துக்கிட்டுக் காட்டுக்குப் போயிட்டாரு.

மணி அடிச்சுது. ஓட்டு முடிஞ்சுது. கிளூவர் மேடம் ஜாடி ஜாடியா எண்ணிக்கிட்டு வந்தாங்க. கப்பல் ஜாடியில நாப்பத்தொண்ணு. ஜோரி ஜாடி எங்க? தேடுனா, வைக்கோல் கட்டு மேல இருபது கோட்டுக்கு அடியில கிடக்கு. உள்ள நாலே நாலு முத்து.

"நாலா?" ஜோரி ஜாடியைக் கவுத்தே பார்த்துட்டா. இங்க நின்ன கூட்டம் என்ன, நாலு என்ன?

அந்த டைனோசர் அவ பாவாடையைப் பிடிச்சு இழுத்துச்சு. கே.ஜி. பிள்ளை, பல்லு ரெண்டு இல்ல. தன் ஓட்டைத் தான் போட்டுட்டதா அது சொல்லுச்சு. எங்க போட்டேன்னு கேட்டதுக்கு, சோளப் படுகையை விரல் நீட்டிக் காட்டுச்சு. சோளத்தைச் சோளத்துலதானே போடணும்?

பக்கத்துல நின்ன இன்னொண்ணும் அங்கதான் போட்டேன்னுச்சு. இளவரசிங்களும் அங்கதான். சுத்தி இருக்கறதெல்லாம் விவசாயி வீட்டுப் பிள்ளைங்க. கையில ஒரு சோள முத்தைக் கொடுத்து, எதிர்ல ஒரு குவியல் சோளத்தையும் வெச்சா, அது வேற எங்க போடும்? ஜாடியை வேற கோட்டு மூடியிருக்கு. கிளூவர் மேடத்துக்கு மூஞ்சி சிவந்துருச்சு. காகிதம் பறக்கும்னு யோசிச்சவங்க இதை யோசிக்கல.

ஜாடியில இருக்கறதுதான் கணக்குன்னு ஒரு கூட்டம், போட்டது போட்டதுதானேன்னு ஒரு கூட்டம். மேடம் ஆஸ்ட்ரண்டர் சாரைப் பார்த்தாங்க. சார் மீசையைத் தடவிக்கிட்டே, மணிக்கு முந்தி விழுந்த ஓட்டு எங்க விழுந்தாலும் ஓட்டுதான், ஆனா கண்ணால பார்த்தாத்தான் எண்ணுவோம், மழை வர்ற வரைக்கும் தேடலாம்னு தீர்ப்பு சொன்னாரு.

"தேடுங்க, தேடுங்க," ரைக்கர் சத்தமா சொன்னான். "காக்காவையும் கூப்பிட்டுக்கோங்க, அதுதான் கரெக்டா பொறுக்கும்."

ஊரே மண்டி போட்டுருச்சு. பல் டாக்டர் ஒரு மூலை, சிலந்தி ஒரு மூலை. மஞ்சளுக்குள்ள சிவப்பு. "ஒண்ணு!" "இங்க ஒண்ணு!" ஜோரி சல்லடை போடற மாதிரி ரெண்டு கையாலயும் அலசறா, நகத்துக்குள்ளெல்லாம் தூசி. ஜாடியில இருந்த நாலோட சேர்த்துப் பத்து ஆச்சு, பதினெட்டு ஆச்சு, அதுக்கப்புறம் ஒண்ணும் காணோம். வானம் ஒரு தரம் உறுமுச்சு. அப்பதான் கார்லா டைனோசரைத் தூக்கி இடுப்புல வெச்சா, அது பூட்ஸுக்குள்ளேருந்து சோளம் பொலபொலன்னு கொட்டுச்சு. அதுல ஒரு சிவப்பு.

கார்லா கத்துன கத்து எதிர்க்காட்டுக்கே கேட்டிருக்கும். "எல்லாரும் பூட்ஸைக் கழட்டுங்க!"

அம்பது பிள்ளைங்க பார்க்கிங்ல வரிசையா உட்கார்ந்து பூட்ஸைக் கழட்டித் தட்டுற காட்சி இருக்கே. பூட்ஸு, சாக்ஸு, பேன்ட் மடிப்பு, கோழி வேஷத்தோட வாலு, எல்லாத்துலேருந்தும் சோளம் கொட்டுது, நடுநடுவே சிவப்பா ஓட்டு உருளுது. முப்பது. முப்பத்தஞ்சு. ஜோரி எண்ண எண்ணத் துள்ளுறா. முப்பத்தொன்பது. நாப்பது.

நாப்பதோட நின்னு போச்சு. தட்டுன பூட்ஸையே திரும்பத் தட்டியாச்சு, வாலைப் பிரிச்சே பார்த்தாச்சு. நாப்பத்தொண்ணுக்கு நாப்பது. கிளூவர் மேடம், ரொம்ப வருத்தமா, ரைக்கர் பேரைச் சொன்னாங்க.

அவன் தட்டை வாங்கப் போற வழியில ஜோரிக்கிட்ட குனிஞ்சான். "உன் ஓட்டுக்குத் தேங்க்ஸ்டி. போடும்போது பார்த்தேன்."

அவளுக்குக் காது ரெண்டும் சூடாயிருச்சு. அந்த ஒண்ணு. கப்பல் ஜாடியில கிடக்கற அந்த ஒண்ணு. அவ கையாலயே.

ஆஸ்ட்ரண்டர் சார் கண்ணாடியைக் கழட்டி டையைத் தோளுக்குப் பின்னாடி போட்டுக்கிட்டு நின்னாரு. ரைக்கருக்கு இது நாலாவது வருஷம், கை தேர்ந்த கை. ஒரு சுத்து சுத்தி அப்புனான். க்ரீம் மீசையிலேருந்து காது வரைக்கும். கூட்டம் விழுந்து விழுந்து சிரிச்சுது. ஜோரியும் கை தட்டுனா, தட்டாம இருந்தா அசிங்கம்னு. அப்புறம் எல்லாரும் மழைக்குப் பயந்து பெட்டி கட்டக் கிளம்பிட்டாங்க.

சார் ஒரு வைக்கோல் கட்டுல உட்கார்ந்து துண்டால கண்ணைத் துடைச்சாரு. காலைச் சுருக்குனாரு. ஏதோ உறுத்துது. வலது ஷூவைக் கழட்டிக் கவுத்தாரு.

மஞ்சளா ஒரு பிடி கொட்டுச்சு. கடைசியா ஒண்ணு சிவப்பா, உருண்டு போய் அவர் கால் விரலுக்குப் பக்கத்துல நின்னுச்சு.

அவர் அதையே பார்த்தாரு. நிமிர்ந்து பார்த்தாரு. யாரும் பார்க்கல, ஜோரியைத் தவிர. அவர் காலை லேசா நகர்த்துனாப் போதும், அதுமேல வெச்சா முடிஞ்சுது. துண்டு கையிலேயே இருக்கு, மூஞ்சி பாதி துடைச்சாச்சு, வீட்டுக்குப் போய் வெந்நீர்ல குளிக்கலாம்.

சார் பெருமூச்சு விட்டாரு. மீசையிலேருந்து க்ரீம் ஒரு சொட்டு விழுந்துச்சு. முத்தைப் பொறுக்கி ரெண்டு விரலால தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சாரு.

"கிளூவர் மேடம், இது மணிக்கு முந்தி புதைச்சது. நான் சாட்சி, என் காலும் சாட்சி."

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியல. புரிஞ்சதும் பெட்டி கட்டுனவங்க பெட்டியைப் போட்டுட்டு ஓடி வந்தாங்க. நாப்பத்தொண்ணுக்கு நாப்பத்தொண்ணு, சமம், ரெண்டு பேரும் ஜெயிச்ச கணக்கு. ஜோரி அந்த இடத்துலயே குதிச்சா, டைனோசரும் காரணம் தெரியாம கூடக் குதிச்சுது. ரைக்கர் கிட்ட வந்து முத்தை வாங்கிப் பார்த்தான், கெட்ட வார்த்தையை முழுங்குன மாதிரி ஒரு மூஞ்சியோட திருப்பிக் கொடுத்தான். "போடி, அடி. கையை நல்லா விரிச்சுப் பிடி, இல்லைன்னா பாதி தோள்ல போயிரும்."

ஆனா அடிக்க என்ன இருக்கு? இருந்தது ஒரே தட்டு, க்ரீம் டப்பா காலி. மேடம் கையைப் பிசைஞ்சாங்க. சார் மூஞ்சியில ஒரு சின்ன நம்பிக்கை வந்துச்சு.

அப்ப கார்லா கேக் மேஜைப் பக்கத்துலேருந்து வந்தா. கையில பம்ப்கின் பை, முழுசா, வெட்டாதது.

"கார்லா," சார் மெதுவா சொன்னாரு, "நீ என் கிளாஸ்ல படிச்ச பிள்ளை."

"ஆமா சார். நானும் அஞ்சாம் கிளாஸ்லேருந்து காத்துக்கிட்டிருக்கேன்." தகரத் தட்டுலேருந்து பையை நெம்பி எடுத்து மகளோட உள்ளங்கையில வெச்சா. கனமா, ஜில்லுன்னு, பட்டை வாசனையோட இருந்துச்சு.

சார் மறுபடி கண்ணாடியைக் கழட்டுனாரு. மறுபடி டையைத் தோளுக்குப் பின்னாடி போட்டாரு. முதல் மழைத்துளி அவர் மொட்டை உச்சியில விழுந்துச்சு. எதிர்க்காட்டுல மிஷின் கடைசி வரிசையை அறுத்துக்கிட்டிருந்துச்சு. ஜோரி கையை நல்லா விரிச்சுப் பிடிச்சா, ஒரு அடி பின்னால போனா, ஓடி வந்தா.

சத்தம் க்ரீம் மாதிரி இல்ல. 'சளப்'புன்னு, கெட்டியா, ஊருக்கே கேட்டுச்சு.

எல்லாரும் அவரையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. அந்த ஆரஞ்சுக்குள்ளேருந்து ஒரு நாக்கு வெளிய வந்து மீசையை ஒரு நக்கு நக்குச்சு.

"நல்லாருக்கு கார்லா," ஆஸ்ட்ரண்டர் சார் சொன்னாரு. "சர்க்கரைதான் கொஞ்சம் கம்மி."